மணி அடித்தால் எழுந்து போவது யார்?

நவி மும்பையின் களம்போலியில் பதினான்கு லாரிகளை வைத்துக்கொண்டு, இரும்புச் சுருள்களையும் கட்டுமானக் கம்பிகளையும் ஏற்றிச் செல்லும் தொழிலை நடத்திவரும் இரு பங்குதாரர்கள் நாங்கள். பதினான்கில் ஒன்பது வண்டிகள் வங்கிக் கடனில் வாங்கியவை. இவ்விதழைப் படிப்போரில் எங்களைப் போல் வண்டிக் கடன் பெற்றுத் தொழில் செய்வோர் பலர் இருப்பர். அவர்களுள் பலரை வாகன மேலாண்மை மென்பொருள் விற்பவர்கள் இந்நேரம் சந்தித்திருப்பார்கள். அம்மென்பொருளை நிறுவிப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். மென்பொருள் பயனற்றது என்பது எங்கள் கருத்தன்று. அதை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். ஆனால் அதில் தானியங்கி விதிகளை அமைக்கும் வேலையை விற்பனையாளரின் ஊழியரிடம் விட்டுவிடுவது பெருந்தவறு என்பதைப் பணத்தையும் ஒரு நல்ல ஓட்டுநரையும் இழந்த பிறகே உணர்ந்தோம்.

மென்பொருளை நிறுவ வந்த இளைஞர் ஒரே பிற்பகலில் வேலையை முடித்தார். வேகம் மிகுந்தால் எச்சரிக்கை, திடீரெனத் தடை அழுத்தினால் எச்சரிக்கை, இயந்திரம் ஓடியபடி வண்டி நின்றால் எச்சரிக்கை, எல்லையைக் கடந்தால், டீசல் குறைந்தால், காப்பீடு முடியப்போனால் எச்சரிக்கை என்று ஆயத்தமாக இருந்த விதிகள் அனைத்தையும் முடுக்கிவிட்டு, எல்லாச் செய்திகளும் எங்கள் இருவரின் கைப்பேசிக்கும் வருமாறு அமைத்துவிட்டுச் சென்றார். மறுநாள் ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்தன. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் கிடங்கைச் சுற்றி வரைபடத்தில் அவர் போட்டிருந்த வட்டம் சாலையையும் உள்ளடக்கியிருந்தது. ஆகவே அவ்வழியே போன எங்கள் வண்டிகள் எல்லாம் கிடங்குக்கு 'வந்து சேர்ந்து', இரண்டு நிமிடத்தில் 'புறப்பட்டும்' சென்றன. ஒரு வாரம் பொறுத்தோம். பிறகு எங்களில் மூத்தவர் ஒலியை அடக்கினார். இளையவர் அந்தச் செயலியின் அறிவிப்புகளையே நிறுத்திவிட்டார்.

அந்த அடக்கப்பட்ட செய்திகளுக்குள்தான் எங்களுடைய பழைய டாரஸ் வண்டியின் தகுதிச் சான்று, அதாவது நாம் எஃப்.சி. என்று சொல்வது, முடியப்போவதைத் தெரிவிக்கும் செய்தியும் இருந்தது. மென்பொருள் தன் கடமையைச் செய்திருக்கிறது. 15 நாளுக்கு முன்பும், 7 நாளுக்கு முன்பும், முந்தைய நாளும் சொல்லியிருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. சான்று காலாவதியான ஐந்தாம் நாள், முழுச்சுமையோடு சென்ற வண்டி வழியில் நடந்த சோதனையில் நிறுத்தப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. அதற்கான தண்டம் 192-ஆம் பிரிவின்கீழ் முதல் முறை 5,000 ரூபாய் வரையிலும், மீண்டும் நேர்ந்தால் 10,000 ரூபாய் வரையிலும் போகலாம். தண்டத்தைவிட எங்களைச் சுட்டது வேறு. சுமையை இன்னொரு வண்டிக்கு மாற்றிய கூலி, வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட தாமதத் தொகை, வண்டி நின்ற நாட்கள் எல்லாம் எங்கள் கணக்கில் சேர்ந்தன. வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. அந்த ஐந்து நாட்களுக்குள் விபத்து ஒன்று நேர்ந்திருந்தால் காப்பீட்டுக் கோரிக்கையின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் கலங்குகிறது.

அதன்பின் எல்லா விதிகளையும் அணைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு விதிக்கும் எதிரே மூன்று விடைகளை எழுத முடிந்தால் மட்டுமே அதை மீண்டும் முடுக்குவது என்று முடிவு செய்தோம். இச்செய்தி வந்ததும் எழுந்து போகிறவர் யார்? அவர் எத்தனை மணிக்குள் என்ன செய்ய வேண்டும்? அவர் செய்யாவிட்டால் அடுத்து யாருக்குப் போகும்? முதல் கேள்விக்கு 'அலுவலகம்' என்றோ 'நாம்' என்றோ எழுதக்கூடாது, ஒருவருடைய பெயர்தான் எழுதப்பட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடு. ஆயத்த விதிகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்களால் பெயர் எழுத முடியவில்லை. திடீர்த் தடை அழுத்தலுக்கு யார் எழுந்து போவது? மும்பைச் சாலையில் தடை அழுத்தாமல் லாரி ஓட்டுவது எப்படி என்பதே விளங்காத ஒன்று! அந்த விதி அன்றோடு போயிற்று.

முதலில் எடுத்துக்கொண்டவை ஆவணத் தேதிகள். இதில் மென்பொருளுக்கு நிகரான உதவி வேறில்லை. எட்டு ஆண்டு வரையிலான போக்குவரத்து வண்டிக்குத் தகுதிச் சான்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். தேசிய பர்மிட்டின் அங்கீகாரம் ஆண்டுக்கு ஒருமுறை. ஓட்டுநரின் போக்குவரத்து உரிமம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. காப்பீடு, சாலை வரி, புகைச் சான்று ஆகியவற்றுக்கும் தனித்தனித் தேதிகள். பதினான்கு வண்டிகளுக்கும் பதினாறு ஓட்டுநர்களுக்கும் இவற்றை நினைவில் வைத்திருப்பது மனித மூளைக்கு வேண்டாத சுமை.

எனினும் 15 நாள் முன்னறிவிப்பு என்ற ஆயத்த அமைப்பு எங்களுக்குப் பயன்படவில்லை. தகுதிச் சான்றுக்கு வண்டி நேரில் போய் நிற்க வேண்டும். கொல்கத்தாவுக்குச் சுமையேற்றிப் புறப்பட்ட வண்டி, அங்கே திரும்புச் சுமைக்குக் காத்திருந்து வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அன்றியும் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது காப்பீடும் வரியும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒளிரும் பட்டையும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே நாங்கள் இதை ஒரு செய்தியாக வைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலைகளின் கோவையாக அமைத்தோம். 45 நாளுக்கு முன் எழுத்தருக்கு முதல் வேலை வரும்: மற்ற ஆவணங்களின் தேதிகளைச் சரிபார்ப்பது. அவர் அதை முடித்ததாகப் பதிந்தால்தான் பட்டறை மேற்பார்வையாளருக்கு இரண்டாம் வேலை போகும்: விளக்கு, பட்டை, தடை, டயர் ஆகியவற்றைப் பார்ப்பது. அவர் முடித்தபின் வண்டிகளை அனுப்பும் பொறுப்பாளருக்கு மூன்றாம் வேலை: இன்ன தேதியில் வண்டி களம்போலியில் இருக்கும்படி பயணங்களை ஒதுக்குவது. எந்த வேலையாவது நான்கு நாள் தேங்கினால் அது எங்களுக்கு வரும். இப்போது எங்கள் கைப்பேசிக்கு வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு செய்திகளே வருகின்றன, அவற்றைப் படிக்கிறோம்.

இதோடு ஒரு தடுப்பு விதியையும் சேர்த்தோம். சான்று முடிய 10 நாள் இருக்கும்போது, அந்த வண்டிக்குப் புதிய நெடுந்தூரப் பயணம் எதையும் மென்பொருள் ஏற்காது. நினைவூட்டல்கள் பத்தைவிட இந்தத் தடுப்பு ஒன்று வலிமையானது என்பது எங்கள் அனுபவம். ஆனால் இதிலும் இடர் உண்டு. ஒருமுறை புதிய சான்று கைக்கு வந்துவிட்டது. எழுத்தர் அதைப் பதிய மறந்து ஊருக்குப் போய்விட்டார். நல்ல வண்டி இரண்டு நாள் சும்மா நின்றது. ஆகவே தடுப்பை நீக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் தரப்பட்டிருக்கிறது. நீக்கும்போது காரணத்தை எழுதியாக வேண்டும். தேதிகளைப் பதியும்போது ஏற்படும் பிழையை எந்த விதியாலும் பிடிக்க முடியாது. எட்டு ஆண்டைக் கடந்துவிட்ட வண்டிக்கு, பழைய பழக்கத்தில் அடுத்த சான்றுத் தேதியை இரண்டு ஆண்டு தள்ளிப் பதிந்திருந்ததை நாங்களே ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். இப்போது காலாண்டுக்கு ஒருமுறை, அரசின் எம்-பரிவாகன் செயலியில் தெரியும் தேதிகளோடு எங்கள் தேதிகளை ஒப்பிடுகிறோம்.

எண்ணெய் மாற்றுதல் முதலிய பராமரிப்பு வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிலோமீட்டர் கணக்கு, மாதக் கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அதற்கு வேலை எழும்படி வைத்தால் போதும். ஜி.பி.எஸ். கருவியின் கம்பி கழன்றிருந்தால் வண்டி ஓடாமல் நிற்பதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும், கிலோமீட்டர் ஏறாது, நினைவூட்டலும் வராது. அதனால் மாதம் முதல் தேதியன்று ஓட்டுநர்கள் வண்டியின் ஓட்டமானியைப் படமெடுத்து அனுப்புகிறார்கள்.

ஈ-வே பில் வேறு வகை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு வேண்டிய இந்த மின்னணுச் சீட்டு, 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐந்து நாள். வண்டி பழுதாகியோ மழையில் சாலை மறிந்தோ தாமதமானால் காலத்தை நீட்டிக்கலாம். ஆனால் முடியும் நேரத்துக்கு எட்டு மணி முன்பிருந்து, முடிந்தபின் எட்டு மணி வரை மட்டுமே அதற்கு இடமுண்டு. சீட்டு முடிவது நள்ளிரவில்; அப்படியானால் நீட்டிப்புக்கான வாயில் மாலை 4 மணிக்குத் திறந்து, மறுநாள் காலை 8 மணிக்கு மூடிவிடுகிறது. எங்கள் அலுவலகம் திறப்பதோ காலை 9 மணிக்கு! மென்பொருளின் ஆயத்த விதி, சீட்டு முடிய ஒரு மணி நேரம் இருக்கையில், அதாவது இரவு 11 மணிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள்? நாங்கள் அதை மாலை 4 மணிக்கு மாற்றினோம். அந்நேரத்தில் வண்டி சேருமிடத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருந்தால் மட்டுமே செய்தி எழும். காலாவதியான சீட்டோடு பிடிபட்டால் சரக்கே நிறுத்தப்படலாம், வரியின் இருமடங்கு வரை தண்டம் கேட்கப்படலாம் என்பதால், எழுத்தர் மாலையில் வீடு திரும்புமுன் செய்யும் கடைசி வேலை இதுதான்.

பணம் தொடர்பானவற்றில் வங்கியின் ஏற்பாடுகளும் மென்பொருளின் விதிகளும் சந்திக்கின்றன. 2021 பிப்ரவரி 16 முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளின் தடங்கள் அனைத்தும் ஃபாஸ்டேக் தடங்கள் ஆகிவிட்டன. இருப்பு தீர்ந்த ஃபாஸ்டேக்கோடு சாவடியில் வண்டி நிற்பது ஓட்டுநருக்குப் பெருந்தொல்லை. இருப்பு குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் கணக்கிலிருந்து தானாக நிரம்பும் முறையை 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மின்-ஆணை ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வழக்கமான தானியங்கிப் பற்றுகளுக்கு 24 மணி நேரத்துக்கு முன் வரும் அறிவிப்பு இதற்கு வராது. எப்போது நிரப்ப வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாதாகையால் அது பொருத்தமே. ஆயினும், அறிவிப்பின்றிப் பணம் போகும் எந்த வழியையும் முதன்மைக் கணக்கோடு இணைப்பதை நாங்கள் விரும்பவில்லை. சுங்கத்துக்கும் டீசல் அட்டைக்கும் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை கணக்காளர் அதில் பணம் இடுகிறார். வழக்கத்துக்கு மாறாக அது விரைவில் தீர்ந்தால் எங்கோ கோளாறு என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு விதி எங்களுக்கு மிகவும் பயன்படுகிறது. சுங்கம் பற்றுவைக்கப்பட்ட சாவடியையும் நேரத்தையும், அந்நேரத்தில் வண்டி இருந்த இடத்தோடு மென்பொருள் ஒப்பிடுகிறது. களம்போலியில் நின்ற வண்டிக்கு வேறொரு மாநிலச் சாவடியில் பணம் பிடிக்கப்பட்டால், அந்த விவரம் வரைபடத்தோடு கணக்காளருக்குப் போகிறது. அவர் அதை ஃபாஸ்டேக் வழங்கிய வங்கிக்கு முறையீடாக அனுப்புகிறார். முறையீட்டை அனுப்பும் வேலையைத் தானியங்கியாக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னார். வேண்டாம் என்றோம். ஜி.பி.எஸ். தவறா, சாவடியின் தவறா என்று ஒரு மனிதர் பார்த்த பிறகே முறையீடு போக வேண்டும். பொய்யான முறையீடுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் மெய்யானதை யார் மதிப்பார்?

இனி, சொல்லக் கூசும் பகுதி. டீசல் தொட்டியில் பொருத்திய உணரி, அரை மணி நேரத்துக்குள் 30 லிட்டருக்கு மேல் குறைந்தால் திருட்டு என்று குறிக்கும். குறித்த அளவின் விலை ஓட்டுநரின் பயணப்படியிலிருந்து தானாகக் கழியும். இப்படி ஒரு விதியை நாங்களே விரும்பிக் கேட்டு அமைத்திருந்தோம். டீசல் களவு இத்தொழிலின் பழைய நோய் என்பதை மறுப்பதற்கில்லை. எங்களிடம் எட்டு ஆண்டுகள் வண்டியோட்டிய ஒருவரின் படியில், ஒரே மாதத்தில் இரண்டு முறை இவ்விதி கைவைத்தது. அவர் அலுவலகத்துக்கு வந்து, தொட்டி நிரப்பிய பில்களைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பார்க்கிறோம் என்றோம், பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவர் வேலையைவிட்டு நின்றார்.

பின்னர்தான் கணக்கைப் புரட்டினோம். நிரப்பியது முதல் அடுத்து நிரப்பியது வரையிலான மைலேஜ், அந்த வண்டிக்கு எப்போதும் வருவதுதான். ஒரு லிட்டரும் குறைந்திருக்கவில்லை. இரண்டு முறையும் வண்டி நின்றிருந்தது போர் கணவாயின் ஏற்றத்தில், நெரிசலில். சரிவில் நின்ற தொட்டிக்குள் டீசல் ஒருபுறம் ஒதுங்க, உணரி குறைந்த மட்டத்தைக் காட்டியிருக்கிறது. பிடித்த தொகையை அவருடைய கணக்குக்கு அனுப்பி, தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தோம். பணம் வந்து சேர்ந்ததாகச் சொன்னார். திரும்பி வரவில்லை. அவருடைய இடத்துக்கு வந்தவர் அனுபவம் குறைந்தவர். முதல் ஆண்டில் அவர் தேய்த்த டயர்களின் விலை, நாங்கள் மீட்க நினைத்த டீசலின் விலையைப் போல் பல மடங்கு.

ஒரு தொழிலாளிக்கு அபராதம் விதிக்குமுன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே எழுதப்பட்ட நெறி. கணினி இல்லாத காலத்தவர் அறிந்திருந்ததை, வரைபடமும் உணரியும் வைத்திருந்த நாங்கள் மறந்தோம். இப்போது டீசல் விதி இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. மட்டம் குறைந்தால் பொறுப்பாளர் ஓட்டுநரை அழைத்து, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார். அடுத்த முறை தொட்டியை நிரப்பியதும் மைலேஜ் கணக்கு எங்கள் மேசைக்கு வரும். பணம் பிடிக்கும் படி மென்பொருளிலேயே இல்லை. எங்களில் மூத்தவருக்கு இதில் இன்னும் முழு உடன்பாடில்லை. பயம் போய்விட்டால் கட்டுப்பாடும் போய்விடும் என்பது அவர் வாதம். அவருடைய ஐயத்துக்கு நியாயம் உண்டு. ஆயினும் களவு உண்மையாகவே நடந்தால், அது இரண்டு மூன்று நிரப்பல்களின் கணக்கில் தெரியாமல் போகாது.

வண்டி நிற்கையில் இயந்திரத்தை ஓடவிடுவதைக் குற்றமாகக் குறிக்கும் விதியையும் மறுஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். நாகபுரி வெயிலில் சுமையிறக்கக் காத்திருப்பவர் அதை இயக்கினால் இயந்திரம் ஓடத்தான் செய்யும். பழைய வண்டிக்காக எழுதிய விதி புதிய வண்டியின் ஓட்டுநரை நாள்தோறும் குற்றவாளியாக்கும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், ஓட்டுநரைப் பார்த்து எழுதப்படும் விதிகளைக் குறைத்து, முதலாளியைக் கட்டும் விதிகளைக் கூட்ட வேண்டும் என்ற கருத்துக்கு வந்திருக்கிறோம். வேகம் மிகுந்ததாக ஓட்டுநருக்கு எச்சரிக்கை அனுப்புகிறோம். அந்த வேகத்தில் போனால்தான் சேர முடியும் என்ற நேரத்தை வாடிக்கையாளருக்கு வாக்களித்தவர் யார்? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. நெடுந்தொலைவு வழிகளில் உரிய அதிகாரியின் ஒப்புதலோடும்கூட 10 மணிக்கு மேல் போகக்கூடாது என்றது. அந்த 10 மணியை அளவாகக் கொண்டு ஒரு விதியை அமைத்தோம். ஒரே ஓட்டுநரோடு போகும் பயணத்தில், வாக்களித்த நேரத்துக்குச் சேர நாளுக்கு 10 மணிக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால் மென்பொருள் அப்பயணத்தை ஏற்காது. இரண்டாம் ஓட்டுநரைச் சேர்க்க வேண்டும், அல்லது வாடிக்கையாளரிடம் பேசி நேரத்தை மாற்ற வேண்டும். சில சுமைகளை இதனால் இழந்தோம். வேறு சிலவற்றில், காலை என்பது மாலை ஆனால் வாடிக்கையாளருக்குக் கவலையே இல்லை என்பது கேட்டபோது தெரிந்தது.

நான்கு ஐந்து வண்டிகள் மட்டும் வைத்திருப்போர் இதற்கெல்லாம் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. சுவரில் ஒரு நாட்காட்டியும் கைப்பேசியின் நினைவூட்டலும் போதும். பத்தைத் தாண்டியவர்கள் வாங்குமுன் விற்பனையாளரிடம் சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஒருவர் செய்யாத வேலை அடுத்தவருக்குத் தானாகப் போகுமா? விதியை நாமே மாற்ற முடியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் அவரை அழைக்க வேண்டுமா? நாம் விலகினால் நம் வண்டிகளின் பழைய கணக்கு முழுவதையும் எடுத்துச் செல்லலாமா? வண்ணப் பலகையில் ஓடும் வண்டிகளைக் காட்டி அவர் பேச்சை மாற்றினால், மீண்டும் அதே கேள்விக்கு அழைத்து வருவது நல்லது.

எங்களிடம் இப்போது ஒன்பது விதிகள் இயங்குகின்றன. பத்து மணி விதியை மீற எங்கள் இருவருக்கு மட்டும் உரிமை உண்டு. மீறினால் பெயரும் காரணமும் பதிவாகும். அந்தப் பட்டியலை மாதம் முதல் தேதியன்று, ஓட்டமானிப் படங்களைச் சரிபார்க்கும்போது, ஊரில் இருக்கும் ஓட்டுநர்கள் முன்னிலையில் படிக்கிறோம். சென்ற மாதம் மூத்தவரின் பெயர் இரண்டு முறையும் இளையவரின் பெயர் ஒருமுறையும் இருந்தன. இந்த மாதம் எத்தனை என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.